நெல்லைப் பேச்சை அளப்பது எப்படி: கேள்வி எடுப்பது முதல் கணக்கு முடிப்பது வரை

திருநெல்வேலி வட்டார வழக்கு என்றதும் முதலில் கைக்கு வருவது சொற்பட்டியல்தான். சொளவு, வாரியல், தார்சா, முடுக்கு, சாரம், வெஞ்சனம், கோட்டி என்று ஐம்பது சொல் சேர்த்துப் பக்கத்தில் பொருள் எழுதினால் ஒரு கட்டுரை ஆகிவிடும். அகராதி போடுகிறவருக்கு அது வேண்டும். பேச்சில் உள்ள வேறுபாட்டை ஆராய்கிறவருக்கு அது வாசற்படி மட்டும்.

பாளையங்கோட்டையில் ஒரு பெண் காலையில் பக்கத்து வீட்டு ஆச்சியிடம் “இங்கனதான் நிக்கேன்” என்பார். பத்து மணிக்கு வங்கியில் நின்று கொண்டு போனில் “இங்கதான் நிக்கிறேன்” என்பார். இரண்டும் அவருடைய தமிழ்தான். ஆகவே “நெல்லைக்காரர்கள் நிக்கேன் என்பார்கள்” என்பது ஆய்வு முடிவு ஆகாது. நிக்கேன், நிக்கிறேன் இரண்டில் எது வேண்டுமானாலும் வந்திருக்கக்கூடிய நூறு இடங்களில் எத்தனை இடத்தில் எது வந்தது, யார் வாயில், யார் முன்னால் வந்தது என்று எண்ணிச் சொன்னால்தான் அது முடிவு. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த எண்ணிக்கையைச் சுற்றித்தான் போகும். இளங்கலை, முதுகலை மாணவர் ஒருவர் மூன்று நான்கு பேர் துணையோடு ஓராண்டில் முடிக்கக்கூடிய அளவை வைத்துச் சொல்கிறோம்.

இந்த முறை எங்கிருந்து வந்தது

அமெரிக்க மொழியியலாளர் வில்லியம் லேபோவ் 1962-இல் நியூயார்க்கில் மூன்று பல்பொருள் அங்காடிகளில் செய்த சோதனை இத்துறையில் எல்லாரும் முதலில் படிப்பது. சேக்ஸ் விலை கூடிய கடை, மேசிஸ் நடுத்தரம், கிளைன் மலிவு. நான்காவது மாடியில் இருக்கும் பொருளாகப் பார்த்து அது எங்கே என்று ஊழியரிடம் கேட்பார். “நான்காவது மாடி” என்பதற்கான ஆங்கிலச் சொற்களில் ரகரம் இரண்டு இடத்தில் வரும்; நியூயார்க்கில் அதைச் சிலர் ஒலிப்பார்கள், சிலர் விட்டுவிடுவார்கள். காதில் விழாதவர்போல “என்ன?” என்று மறுபடி கேட்டால் இன்னொரு முறை, சற்று அழுத்தமாக வரும். நகர்ந்து போய் நோட்டில் குறித்துக்கொள்வார். மொத்தம் 264 பேர். ரகரத்தை எல்லா இடங்களிலுமோ சில இடங்களில் மட்டுமோ ஒலித்தவர்கள் சேக்ஸில் 62 சதவீதம், மேசிஸில் 51, கிளைனில் 20. ஊழியர்கள் ஏறக்குறைய ஒரே வகை வேலை பார்ப்பவர்கள்; நிற்கும் கடையின் தரம் மாற, பேச்சும் மாறியிருந்தது.

இதைத் திருநெல்வேலியில் செய்து பார்க்கலாம். மாடி வைத்த ஜவுளிக் கடையிலோ நகைக் கடையிலோ மேல் தளத்தில் நின்று, கீழ்த் தளத்தில் இருக்கும் ஒன்றைக் கேளுங்கள். “கீழ இருக்கு” என்று பதில் வரும். ழகரமா, “கீள” என்று ளகரமா? “எங்க?” என்று இன்னொரு முறை கேட்டால் அழுத்தமான பதிலும் கிடைக்கும். ஒரு கடைக்கு ஐந்து பேருக்கு மேல் கேட்காதீர்கள். ஆறாவது ஆள் உங்களைப் பார்த்து வைத்திருப்பார். ஒலிப்பதிவு கூடாது, பெயர் கூடாது. கடைப் பெயரையும் அறிக்கையில் எழுத வேண்டாம். ஒரு நாளில் முடிகிற பயிற்சி இது. பெரிய ஆய்வுக்குக் காதைத் தீட்ட நல்ல வழி.

எதை எண்ணப் போகிறீர்கள்

ஆய்வு நிற்பதும் விழுவதும் இங்கேதான். ஒரே பொருளைச் சொல்ல இரண்டு மூன்று வடிவங்கள் இருக்க வேண்டும். பேச்சில் அடிக்கடி வர வேண்டும். பேசுகிறவர் அதை ரொம்பவும் கவனித்துப் பேசக்கூடாது. சொளவும் முறமும் முதல் நிபந்தனையைத் தாண்டும், இரண்டாவதில் விழும்: ஒரு மணி நேரப் பேச்சில் சொளவு ஒரு முறை வந்தால் பெரிது. “ஏலே” மூன்றாவதில் விழும். வெளியூர்க்காரர்கள் கேலிக்கு எடுத்துக்கொண்ட சொல் அது; மைக்கைப் பார்த்ததும் சிலர் விழுங்கிவிடுவார்கள், சிலர் வேண்டுமென்றே கூட்டுவார்கள்.

நிகழ்கால வினைமுற்று மூன்று நிபந்தனையிலும் தேறும். நெல்லைப் பேச்சில் பாக்கேன், கேக்கேன், எடுக்கான், படிக்கா, குடுக்காவ என்று வருவது பொதுப் பேச்சுத் தமிழில் பாக்குறேன், கேக்குறேன், எடுக்குறான், படிக்கிறா, குடுக்குறாங்க. நடுவில் உள்ள நிகழ்கால இடைநிலை தேய்ந்து போனதா, தேயாமல் நிற்கிறதா என்று பார்த்தால் போதும். இதைத்தான் இங்கே மாதிரியாக எடுத்துக்கொள்கிறோம்.

இப்படி ஒரே பொருளுக்கு மாறி மாறி வரும் வடிவங்களின் தொகுதிக்கு மாறி என்று பெயர். மாறியைத் தேர்ந்ததும் அதன் எல்லையை எழுதி வையுங்கள். எவற்றை எண்ணுவது, எவற்றை விடுவது என்ற பட்டியல்தான் எல்லை. அனுபவமில்லாதவர்கள் சறுக்குவது இதில்தான், அதனால் ஒவ்வொன்றாகச் சொல்கிறோம்.

‘இருக்கேன், இருக்கான்’ தமிழ்நாடு முழுக்க அப்படித்தான். சென்னையிலும் யாரும் பேச்சில் இருக்குறேன் என்று சொல்வது அரிது. இருப்பதிலேயே அதிகம் வரும் வினை இது. இதைச் சேர்த்தால் எல்லாருக்கும் ‘நெல்லை வடிவம்’ தாறுமாறாக ஏறிவிடும். ‘வந்திருக்கேன், சாப்பிட்டிருக்கான்’ போன்றவையும் அதே கணக்கு. மொத்தமாக விலக்குங்கள்.

சொல்லுதேன் – சொல்றேன், பேசுதான் – பேசுறான், பண்ணுதாவ – பண்றாங்க என்பது பக்கத்திலேயே இருக்கும் இன்னொரு மாறி. அங்கே இடைநிலை தேயவில்லை; றகரம் இருக்க வேண்டிய இடத்தில் தகரம் நிற்கிறது. இரண்டையும் விரிதாளின் ஒரே பத்தியில் போட்டுக் கூட்டக் கூடாது. தனியாக எண்ணினால், ஒருவர் பாக்கேனை வைத்துக்கொண்டு சொல்லுதேனை மட்டும் விட்டிருக்கிறாரா என்று பின்னால் பார்க்க முடியும். வாரேன் – வர்றேன் மூன்றாவது. போறேன் இரண்டு பக்கமும் பொதுவாகக் கேட்பதால் பயனில்லை.

அஃறிணை வடிவம் வேறு விதம். “என்ன நடக்கு இங்க?” என்பதற்கும் “என்ன நடக்குது” என்பதற்கும் உள்ள வேறுபாட்டில் விகுதியும் சேர்ந்து கிடக்கிறது. அதையும் தனியாக வையுங்கள். ‘பாக்குற ஆளு’ போன்ற பெயரெச்சங்களை இந்தச் சுற்றில் சேர்க்க வேண்டாம்.

கடைசியாக ஒரு கண்ணி. “என்ன பாக்க?” என்று காதில் விழுகிறது. ‘நீ என்னத்தைப் பார்க்கிறாய்’ என்பதா, ‘பார்க்க என்ன இருக்கிறது’ என்பதா? முன்னிலை ஒருமை வினைமுற்றும் செய எச்சமும் இங்கே ஒரே ஓசையில் வந்துவிடும். முன்பின் பேச்சைக் கேட்டும் தெளியாவிட்டால் விலக்குங்கள், விலக்கியதை எண்ணி வையுங்கள். லேபோவ் வலியுறுத்திய கணக்குக் காட்டும் விதி இதுதான்: உங்களுக்குப் பிடித்த வடிவம் வந்த இடங்களை மட்டும் பொறுக்கக் கூடாது, வரக்கூடியதாக இருந்தும் வராத இடங்களையும் காட்ட வேண்டும்.

எந்த ஊர், யார்

“திருநெல்வேலி மாவட்டம் முழுவதும்” என்று தலைப்பு வைக்கிறவர்கள் பெரும்பாலும் எதையும் ஒழுங்காக முடிப்பதில்லை. பழைய திருநெல்வேலிச் சீமையில் ஒரே தமிழ் கிடையாது. தாமிரபரணிக் கரையின் வயல் ஊர்கள் வேறு, திசையன்விளைப் பக்கத்துத் தேரிக்காட்டுப் பனை ஊர்கள் வேறு, உவரி, இடிந்தகரை போன்ற கடற்கரை வேறு. மேலப்பாளையம் முஸ்லிம்களிடம் குழம்பு ஆணம் ஆகும். கோவில்பட்டி, சங்கரன்கோவில் கரிசலில் வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழும் பேசுகிற குடும்பங்கள் ஏராளம். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. நிர்வாக எல்லை 1986-இல் தூத்துக்குடிக்காகவும் 2019-இல் தென்காசிக்காகவும் நறுக்கப்பட்டது. அதற்கும் பேச்சு எல்லைக்கும் சம்பந்தமில்லை. ஓர் ஊரோ, அல்லது ஒப்பிட இரண்டு ஊரோ போதும்.

ஆட்களை முதலில் கட்டம் போட்டு வகுத்துக்கொள்ளுங்கள். வயது மூன்று பிரிவு (18–30, 40–55, 65-க்கு மேல்), ஆண்-பெண், பள்ளிப் படிப்போடு நின்றவர்-கல்லூரி போனவர் என்றால் 3 × 2 × 2 = 12 கட்டம். கட்டத்துக்கு நான்கு பேர் வீதம் 48 பேர். 65-க்கு மேல் கல்லூரி போன பெண்கள் என்ற கட்டம் சிற்றூரில் நிரம்பாது. நிரப்புவதற்காக வேறு ஊரிலிருந்து ஆள் கொண்டுவராதீர்கள். காலியாக விட்டுவிட்டு அதைச் சொல்லிவிடுங்கள். ஐந்து வயதுக்குள் அந்த ஊருக்கு வந்து, மொத்த வாழ்நாளில் பாதிக்கு மேல் அங்கேயே கழித்தவரா என்பதை நுழைவு நிபந்தனையாக வைக்கலாம். ஆனால் வெளியூர் போய் வந்தவர்களை அடியோடு தள்ளிவிட்டால் நெல்லையில் பாதி ஆண்கள் கிடைக்க மாட்டார்கள். சென்னையில் பலசரக்குக் கடை, மும்பை, வளைகுடா என்று போய்த் திரும்பியவர்கள் இந்த மண்ணின் சராசரி. அவர்களைச் சேர்த்து, வெளியே இருந்த ஆண்டுகளை விரிதாளில் ஒரு பத்தியில் குறியுங்கள்.

படிப்பு, வருமானம் இவற்றைவிட இங்கே உபயோகப்படக்கூடியது, ஒருவர் தன் தெருவோடு எவ்வளவு பின்னிக் கிடக்கிறார் என்ற அளவு. மொழியியலாளர் லெஸ்லி மில்ராய் பெல்பாஸ்ட் நகரின் தொழிலாளர் குடியிருப்புகள் மூன்றில் 46 பேரை ஆராய்ந்தபோது இதற்கு ஐந்து மதிப்பெண் வைத்தார். நம் ஊருக்கு மாற்றினால் இப்படி வரும்: அதே தெருவில் தன் வீடு போக இன்னும் ஒன்றுக்கு மேற்பட்ட சொந்தக்கார வீடு உண்டா, தெருவில் உள்ள இரண்டு பேராவது கூட வேலை செய்கிறார்களா, அவர்கள் தன் பாலினத்தவரா, வேலை முடிந்தும் அவர்களோடுதான் இருப்பாரா, கோயில் கொடைக் (திருவிழாக்) குழு, சங்கம், ஜமாஅத், பங்குப் பேரவை போன்ற ஒன்றில் இருக்கிறாரா. ஆமாம் என்றால் ஒன்று, இல்லை என்றால் சைபர். முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் வீட்டில் பீடி சுற்றும் பெண் ஒருவர் நாலு வீட்டுத் திண்ணையில் நாலு பேரோடு உட்கார்ந்தே பகல் முழுக்கப் பேசுகிறார். அவர் கணவர் டவுண் கடையில் நாள் முழுக்க வெளியூர் வாடிக்கையாளரோடு பேசுகிறார். பெண்கள் பொதுவாகத் தரவழக்கை (எல்லாரும் சரி என்று ஏற்கும் வடிவத்தை) நோக்கிப் போவார்கள் என்று மேல்நாட்டு நகர ஆய்வுகள் பல சொல்கின்றன. அதை அப்படியே தூக்கி இங்கே வைக்காமல் இந்த மதிப்பெண்ணைப் பாருங்கள்.

சாதி. தமிழ்க் கிளைமொழி ஆய்வு நெடுங்காலம் இதைச் சுற்றியே நடந்தது. சாதியும் தமிழ்க் கிளைமொழிகளும் என்ற பொருளில் பிரெஞ்சு அறிஞர் ஜூல் ப்ளாக் 1910-லேயே எழுதினார். 1960-களில் மொழியியலாளர்கள் வில்லியம் பிரைட்டும் ஏ.கே. ராமானுஜனும் பிராமணர் பேச்சையும் மற்றவர் பேச்சையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தார்கள். பேச்சில் சாதி வேறுபாடு இல்லை என்று பாவனை செய்வது பொய். ஆனால் அதையே முதல் கட்டமாக வகுத்துக்கொண்டு போனால் படிப்பு, வேலை, ஊர்ப் பெயர்வு எல்லாம் அதற்குள் புதைந்து போகும் என்பது எங்கள் கணிப்பு. கேட்கத்தான் வேண்டும் என்றால் பேட்டியின் கடைசியில், சொல்ல விருப்பமில்லை என்ற வழியும் கொடுத்துக் கேளுங்கள். தெருவை வைத்து ஊகித்து நிரப்பக் கூடாது. ஊரில் பிரச்சினை நடந்த சமயம் என்றால் ஒலிப்பதிவு வேலையையே தள்ளிப் போடுங்கள்.

சம்மதம்

எளிய தமிழில் ஒரு பக்கம். எதற்காகப் பதிவு, எவ்வளவு நேரம், யார் கேட்பார்கள், எத்தனை ஆண்டு வைத்திருப்போம், இடையில் வேண்டாம் என்றால் அழித்துவிடுவோம் என்ற ஐந்தும் இருக்க வேண்டும். படித்துக் காட்டி, வாய்ச் சம்மதத்தைப் பதிவின் தொடக்கத்திலேயே வாங்குங்கள். “உங்கள் பேச்சை ஆராய்கிறோம்” என்று மட்டும் சொன்னால் மனிதர்கள் பேச்சைத் திருத்திக்கொள்வார்கள். “ஊர் வாழ்க்கையும் ஊர்ப் பேச்சும் பற்றி” என்றால் அது உண்மையும்கூட, கூச்சமும் குறையும். மறைத்துப் பதிவு செய்து பிறகு கேட்பது வேண்டவே வேண்டாம்.

கருவிகள்

கையடக்க ரெக்கார்டரும் காலர் மைக்கும் போதும். மைக் தாடைக்குக் கீழே 15–20 செ.மீ. தூரத்தில், தாலிச் சங்கிலியும் சேலைத் தலைப்பும் உரசாத இடத்தில் இருக்கட்டும். வேவ் கோப்பு, 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ: மணிக்கு ஏறத்தாழ 318 எம்பி. ஆளுக்கு ஒரு மணி வீதம் 48 மணி நேரமும் 32 ஜிபி கார்டில் பாதிக்குள் அடங்கும். ஆனாலும் அன்றன்று இறக்கிவிடுங்கள். ஒலி அளவின் உச்சம் −12-க்கும் −6 டெசிபலுக்கும் இடையில் ஆடட்டும். சைபரைத் தொட்டால் ஒலி முறியும், முறிந்ததை எந்த மென்பொருளும் ஒட்டித் தராது. வாட்ஸ்அப் குரல் பதிவு அமுக்கப்பட்டது. பாக்கேனா பாக்குறேனா என்று எண்ணலாம், ழகரத்தை அளக்க உதவாது. போனிலேயே பதிகிறீர்கள் என்றால் வேவ் தரும் செயலியைப் போட்டு, இரைச்சல் குறைப்பை அணைத்துவிடுங்கள்.

எதிரிகள் வரிசையாக: சீலிங் ஃபேன், மிக்சி, சாயங்கால சீரியல், கொடைக்குக் கட்டிய குழாய் ரேடியோ. காங்கிரீட் வீட்டின் காலி அறையைவிடத் துணியும் பாயும் கிடக்கிற அறையில் எதிரொலி குறைவு. ஜூன் முதல் செப்டம்பர் வரை வள்ளியூர், ராதாபுரம் பக்கம் அடிக்கிற காற்றுக்கு மைக்கோடு வரும் சின்னப் பஞ்சு போதாது. மயிர் உறை போட வேண்டும், அல்லது உள்ளே உட்கார வேண்டும். முதல் முப்பது நொடியைப் பதிந்து, ஹெட்போனில் கேட்டுவிட்டுத்தான் பேட்டியைத் தொடங்குவது.

பேச வைப்பது

யாரும் கவனிக்காதபோது மக்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று தெரிய வேண்டும்; தெரிந்துகொள்ள ஒருவர் போய்க் கவனிக்க வேண்டும். லேபோவ் நோக்குநர் முரண் என்று பெயரிட்டது இதை. முழுதாகத் தீராது, குறைக்கலாம்.

முதலில் பேட்டி எடுப்பவரின் வாய். சென்னைத் தமிழில் “நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்று கேட்டால் “நினைக்கிறேன்” என்றுதான் பதில் வரும். மரியாதையாலும் வரும், கேட்ட வடிவத்தைத் திருப்பிச் சொல்லும் பழக்கத்தாலும் வரும். ஊர்ப் பேச்சு தெரிந்த ஒருவர் கேட்பது நல்லது. அதைவிட முக்கியம், கேள்வியிலேயே நிகழ்கால வினை வராமல் அமைப்பது. “பிள்ளைங்க என்ன படிக்கிறாங்க?” வேண்டாம், “பிள்ளைங்க பத்திச் சொல்லுங்க அண்ணாச்சி” போதும். மூத்த ஆணுக்கு அண்ணாச்சி, மூத்த பெண்ணுக்கு ஆச்சியோ அக்காவோ, இடம் பார்த்து. ‘வே’ என்று விளிப்பது சமவயதுக்காரர்களின் உரிமை. வெளியாள் முதல் நாளே அதை எடுத்தால் நடிப்பு என்று தெரிந்துவிடும். அவர்கள் உங்களை ‘சார்’ என்றே கடைசிவரை அழைத்தால், அந்தப் பேட்டி எந்த நடையில் நடந்தது என்பதற்கு அதுவே குறிப்பு, எழுதி வையுங்கள்.

தன்னை மறந்து பேச வைக்க உயிர் போய் உயிர் வந்த கதையைக் கேட்பது லேபோவின் பழைய உத்தி. இங்கே 1992 நவம்பர் வெள்ளமும் 2023 டிசம்பர் வெள்ளமும் தானாகவே பேச்சில் வரும். ஆளோ வீடோ இழந்தவரிடம் கேள்வியை நீட்டாதீர்கள்.

நிகழ்கால மாறிக்கு இந்த உத்தியில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. கதை என்றால் இறந்தகாலம்: “தண்ணி வந்துச்சு, ஏறுனோம், நின்னோம்.” சரி, வழக்கமாகச் செய்வதைக் கேட்போம், பதனி காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுவது எப்படி என்று கேட்போம் என்றால், தமிழில் வழக்கமும் பெரும்பாலும் எதிர்கால வடிவத்தில்தான் வருகிறது: “எறக்குவோம், வடிகட்டுவோம், கொதிக்க வைப்போம்.” ஒரு மணி நேரம் அருமையாகப் பேசியிருப்பார், கையில் நாலு பாக்கேன்கூட இருக்காது. ஆகவே இப்போது நடந்துகொண்டிருப்பதைப் பற்றிக் கேட்க வேண்டும்: இப்போது குளத்தை யார் பராமரிப்பது, வெளியூரில் உள்ள பிள்ளைகளின் அன்றாடம், தெருவில் இந்தக் காலத்துப் பையன்களின் போக்கு. கடைசி விஷயத்தைத் தொட்டால் பெரியவர்கள் நிகழ்காலத்தை நிறுத்த மாட்டார்கள்.

இன்னும் உறுதியான வழி, ஒலியில்லாத மூன்று நிமிட வீடியோவைக் காட்டி, வீடியோவைப் பார்க்க முடியாத தோழருக்குச் சொல்வதுபோல நேர்முக வர்ணனை சொல்லச் சொல்வது. வீடியோவில் என்ன நடக்க வேண்டும் என்பதை நீங்களே தீர்மானிக்கலாம். ஒரு இளைஞன் நடந்து டீக்கடைக்கு வருகிறான், நிற்கிறான், கிளாஸை எடுக்கிறான், குடிக்கிறான், பேப்பர் படிக்கிறான், எதையோ பார்த்துச் சிரிக்கிறான், காசு கொடுக்கிறான். நட, நில், எடு, குடி, படி, பார், சிரி, கொடு எல்லாம் நமக்கு வேண்டிய வகை வினைகள். “நிக்கான், எடுக்கான், குடிக்கான், சிரிக்கான்” என்று வரிசையாக விழும், அல்லது “நிக்கிறான், எடுக்குறான்” என்று விழும். இளைஞனுக்குப் பதில் வயதான ஒருவரை நடிக்க வைத்து இரண்டாவது வீடியோ காட்டினால், நிக்காவ – நிக்காங்க – நிக்கிறாங்க என்று மரியாதைப் பன்மையின் விகுதியும் கிடைக்கும். வர்ணனையில் கிடைத்ததை இயல்பான உரையாடலில் கிடைத்ததோடு கலக்காமல், ‘சூழல்’ என்ற பத்தியில் வேறாகக் குறியுங்கள்.

இரண்டு நண்பர்களை ஒன்றாக உட்கார வைத்து, ஆளுக்கொரு மைக் மாட்டிவிட்டு நீங்கள் அரை மணி நேரம் டீக்குப் போய்விடுவது மூன்றாவது வழி. பேச்சு மேல் பேச்சு விழும், எழுத்தாக்கப் பாடுபட வேண்டும். ஆனால் நடை இறங்குவது இதில்தான்.

ஆங்கில ஆய்வு நூல்களில் பேட்டிக்குப் பிறகு ஒரு பத்தியை வாசிக்கச் சொல்வது வழக்கம். வாசிப்பது கவனமான பேச்சு என்று அங்கே எடுத்துக்கொள்வார்கள். தமிழில் இது பாதி மாறிகளுக்குச் செல்லாது. மொழியியலாளர் சார்லஸ் ஃபெர்குசன் 1959-இல் விளக்கிய இரட்டை வழக்கு (எழுத்துக்கு ஒன்று, பேச்சுக்கு ஒன்று என்று ஒரே மொழியில் இரண்டு வழக்கு) தமிழில் நன்றாகவே உண்டு: தாளில் ‘பார்க்கிறேன்’ என்று இருந்தால் பார்க்கிறேன் என்றே வாசிப்பார். அது பாக்கேனும் அல்ல, பாக்குறேனும் அல்ல, மூன்றாவது சட்டை. கவனமான பேச்சு வேண்டுமானால் கேட்கும் ஆளை மாற்றுங்கள்: கடைசிப் பத்து நிமிடத்தை ஊருக்குப் புதிய இன்னொருவர் வந்து கேட்கட்டும். வாசிப்பு உதவுவது ழகரம் போன்ற ஒலி மாறிகளுக்கு மட்டுமே.

ழகரத்தை அளப்பது

காதை மட்டும் நம்பினால் எதிர்பார்ப்பு கேட்டதை மாற்றிவிடும். வாத்தியார் என்று தெரிந்தால் ழகரம் கேட்கும், பனையேறி என்று தெரிந்தால் ளகரம் கேட்கும். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பால் பூர்ஸ்மாவும் டேவிட் வீனிங்கும் உருவாக்கிய பிராட் இலவச மென்பொருள். ஒலிக்கோப்பைத் திறந்து, ஃபார்மன்ட் (வாய்க்குள் ஒலி ஓங்கி அதிரும் அதிர்வெண்) உச்ச வரம்பை ஆண் குரலுக்கு 5000, பெண் குரலுக்கு 5500 ஹெர்ட்ஸ் என்று வைத்து, ஐந்து ஃபார்மன்ட் கேளுங்கள். நல்ல ழகரத்தில் மூன்றாவது ஃபார்மன்ட் சரசரவென்று இறங்கி இரண்டாவதை நெருங்கும். முன்பின் உயிரோடு வழுக்கிக் கலக்கும். ளகரத்தில் நாக்கு தொடுவதால் தொடக்கமும் முடிவும் வெட்டினாற்போல் தெரியும், அங்கே ஒலியின் வலிமையும் குறையும். இரைச்சல் பதிவில் பிராட் ஃபார்மன்ட்டைத் தவறாகப் பிடிக்கும். சிவப்புப் புள்ளிகள் சிதறிக் கிடந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

சொற்களை உரையாடலிலிருந்தே எடுங்கள்: பழம், கோழி, மழை, கீழே, ஏழு, கிழமை. பிறகு இணைச் சொற்களை வாசிக்கச் சொல்லலாம்: கிழி – கிளி, கழி – களி, வழி – வளி, வாழை – வாளை. வாளை மீன் கடற்கரையில் எல்லாருக்கும் தெரியும், உள்நாட்டில் வேண்டாம். முடிவில் “ரெண்டும் ஒரே மாதிரியா, வேற வேறயா?” என்று கேளுங்கள். வேறு என்று சொல்லிக்கொண்டே ஒன்றாக ஒலிப்பவர்களும், ஒன்றுதான் என்று சொல்லிக்கொண்டே மிகச் சிறிதாக வேறுபடுத்துபவர்களும் கிடைப்பார்கள். எழுத்து தெரிந்தவர்களுக்கு ழகரம் மானப் பிரச்சினை. சொன்னதை விட ஒலித்ததற்கே மதிப்பு.

எழுத்தாக்கமும் எண்ணிக்கையும்

நெதர்லாந்தின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனம் தரும் ஈலான் மென்பொருளில் ஒலியும் எழுத்தும் நேரத்தோடு ஒட்டி நிற்கும். ஒரு மணிப் பேச்சை எழுத ஆறு முதல் பத்து மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 48 மணிக்கு மூன்று நான்கு மாதம் கரையும். கேட்டதை எல்லாம் அப்படியே எழுதத் தொடங்கினால் எலை, இலை, யெலை என்று ஒரே சொல் மூன்றாகி, பிறகு தேட முடியாது. ஆராயும் மாறியை மட்டும் கேட்டபடி எழுதி, மற்றதை ஒரே சீரான எழுத்தில் வையுங்கள். முதல் பத்துப் பதினைந்து நிமிடம் இறுக்கமானது. அதைத் தனியே எண்ணுங்கள்.

பிறகு விரிதாள். ஒரு வரிசைக்கு ஒரு நிகழ்வு: ஆள் குறியெண், நிமிடம்-நொடி, வந்த வடிவம், வினை, தன்மை-முன்னிலை-படர்க்கை, யாரிடம் பேசியது, சூழல், பேட்டியாளர் சற்றுமுன் அதே வினையைச் சொன்னாரா. ஒருவருக்கு முப்பது நிகழ்வுக்குக் குறைந்தால் அவருடைய சதவீதத்தை நம்பாதீர்கள். ‘நினைக்கேன்’ போல ஒரே வினை இருபது முறை வந்தால் ஐந்தோடு நிறுத்துங்கள். இல்லையென்றால் ஒரு பழக்கச் சொல்லை அளந்துவிட்டு இலக்கணத்தை அளந்ததாக எண்ணிக்கொள்வோம். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கை இன்னொருவர் உங்கள் குறிப்பைப் பார்க்காமல் குறியிடட்டும். இருவரின் உடன்பாட்டைக் கோஹென் கப்பா என்ற அளவால் பார்த்து, 0.8-க்குக் கீழே வந்தால் எல்லைப் பட்டியலைத் திருத்தி மறுபடி தொடங்குங்கள்.

கணக்குப் பகுதி பலரும் பயப்படும் அளவுக்கு இல்லை. முதலில் குறுக்கு அட்டவணை. பிறகு ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் கலப்பு லாஜிஸ்டிக் ரிக்ரெஷன்: இரண்டு வடிவங்களில் எது வருகிறது என்பதில் வயது, படிப்பு போன்ற ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு பங்கு என்று ஒரே சமயத்தில் பார்க்கும் கணக்கு. ஆளையும் வினையையும் தற்செயல் காரணிகளாக (தனி ஆள், தனி வினை இவற்றின் சொந்தப் பழக்கத்தைப் பிரித்து வைப்பவையாக) சேர்க்க மறக்கக் கூடாது. சேர்க்காவிட்டால், நிறையப் பேசிய நாலு பேரின் பழக்கம் ஊர்ப் பழக்கமாக வேஷம் போடும்.

வயது வித்தியாசத்தை வாசிப்பதில் அவசரம் வேண்டாம். எழுபது வயதுக்காரர்களிடம் பாக்கேன் அதிகம், இருபதில் குறைவு என்று வந்தால், வழக்கு அழிகிறது என்று எழுதிவிடத் தோன்றும். அது ஒரு விளக்கம். கல்லூரி, வேலை தேடும் வயதில் குறைந்து, ஊரில் நிலைத்த பிறகு திரும்ப ஏறுவது இன்னொரு விளக்கம். ஒரே சமயத்தில் எடுத்த பதிவால் இரண்டையும் பிரிக்க முடியாது. அதே ஊரின் பழைய ஒலிநாடா ஏதாவது, கல்யாணக் கேசட்டானாலும் சரி, கிடைத்தால் தேடிப் பிடியுங்கள். 1963-இல் வெளியான மார்த்தாஸ் வினியார்டு தீவு ஆய்வில், தீவிலேயே தங்க விரும்பியவர்களிடம் உள்ளூர் உச்சரிப்பு கூடியிருந்தது என்று லேபோவ் காட்டினார். ஊரில் இருக்கப் போகிறீர்களா, போய்விடுவீர்களா என்ற கேள்வியை நீங்களும் பேட்டியில் சேருங்கள். படிப்பு சொல்லாததை அந்த ஒரு பத்தி சொல்லக்கூடும்.

பதிவுகளை வைத்திருப்பது

மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு கட்டடத்தில். பெயர்ப் பட்டியலையும் குறியெண் பட்டியலையும் ஒரே கணினியில் வைக்காதீர்கள். பேச்சில் வரும் ஆட்பெயர், வீட்டுப் பெயர், வழக்கு விவகாரம் இருக்கும் இடங்களில் ஒலியை மழுக்கிய பிரதிதான் பிறர் கைக்குப் போக வேண்டும். குறியெண் மட்டும் காப்பாற்றும் என்று இருந்துவிடாதீர்கள்: ‘67 வயது, ஆண், ஓய்வு பெற்ற தபால்காரர்’ என்று அட்டவணையில் போட்டால் சிற்றூரில் பெயர் போட்ட மாதிரிதான். வயதைப் பிரிவாகவும் தொழிலை வகையாகவும் மாற்றி எழுதுங்கள். அறிக்கையின் பின்னிணைப்பில் விலக்கிய நிகழ்வுகளின் எண்ணிக்கையைக் காரணவாரியாகக் கொடுங்கள்: இருக்கேன் வகை இத்தனை, எச்சமா முற்றா என்று தெளியாதவை இத்தனை, இரைச்சலில் போனவை இத்தனை. பேசியவர் கேட்டால் அவருடைய பதிவின் பிரதியை அவர் கையிலேயே கொடுங்கள். மகனிடமோ பேரனிடமோ கொடுத்தனுப்ப வேண்டாம், வீட்டார் பற்றி அவர் பேசியதும் அதில் இருக்கும்.